ஒரே எஃகு, இரண்டு பதம்: பழைய பேனாக்கத்தியின் அறிவியல்

ஐந்து ஆண்டுக்கு முன்பு வாங்கிய கைப்பேசியை இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால், நூறு ஆண்டுக்கு முன்பு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்த ஒரு சிறிய மடக்குக் கத்தி இன்றும் பென்சில் சீவும், கயிறு அறுக்கும், மாங்காய் நறுக்கும். அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். புதுக் கத்தி பளபளப்பாகக் கடையில் கிடைக்கும்போது, கறுத்துப் போன ஒரு பழைய கத்தியில் அப்படி என்ன இருக்கிறது?

வெறும் பழம்பொருள் ஆசை என்று சொல்லிவிடலாம். ஆனால், கத்தியைக் கையில் எடுத்து ஆராய்ந்தால் இயற்பியலும் வேதியியலும் அதற்குள் கைகோத்து நிற்பதைக் காணலாம். மாணவர்களே, இந்த வாரம் அந்தக் கத்தியைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். அறிவியல் தெரியாமல் அதைச் 'சரி' செய்யப் போனால், நூறு ஆண்டு உழைத்த கத்தியைப் பத்தே விநாடியில் எப்படிக் கெடுத்துவிட முடியும் என்பதையும் பார்ப்போம்.

ஒரு சொல் விளக்கம். மடக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளும் சிறு கத்தியை நம் தாத்தா காலத்தவர்கள் 'பேனாக்கத்தி' என்பார்கள். பறவை இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலத்தில் அந்த இறகுப் பேனாவைச் சீவப் பயன்பட்டதால் வந்த பெயர் அது.

கடிகாரக்காரர் தேடிய எஃகு

ஷெஃபீல்டு நகரம் கத்திக்குப் பெயர்போனது. 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர், தம் கதையில் வரும் மாவரைப்பவர் ஒருவர் ஷெஃபீல்டுக் கத்தியைக் காலுறையில் செருகி வைத்திருந்ததாக எழுதியிருக்கிறார். அந்த நகரைச் சுற்றி வேகமாக ஓடும் சிற்றாறுகள் இருந்தன. அவை சாணைச் சக்கரங்களைச் சுற்றின. சக்கரம் செய்வதற்கேற்ற கரடுமுரடான மணற்கல்லும் பக்கத்து மலைகளிலேயே கிடைத்தது.

நல்ல கத்திக்கு நல்ல எஃகு வேண்டும். எஃகு என்பது இரும்பும் கார்பனும் சேர்ந்த கலவை. கார்பன் 100 கிராமில் ஒரு கிராம் அளவுக்கு இருந்தாலே போதும், இரும்பின் குணமே மாறிவிடும். அக்காலத்தில் இரும்புக் கம்பிகளைக் கரித்தூளுக்குள் புதைத்துப் பல நாள் சூடேற்றி எஃகு செய்தார்கள். கார்பன் வெளியிலிருந்து உள்ளே மெதுவாக ஊடுருவும். அதனால் மேற்பரப்பில் கார்பன் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும்.

பெஞ்சமின் ஹண்ட்ஸ்மேன் என்ற கடிகாரக்காரருக்கு இது பெரும் தொல்லையாக இருந்தது. எஃகு சீராக இல்லாவிட்டால் கடிகாரத்தின் ஸ்பிரிங் ஓரிடத்தில் வளையும், மற்றோரிடத்தில் முறியும். 1740களில் ஷெஃபீல்டுக்கு அருகில் அவர் ஒரு வழி கண்டார். எஃகுத் துண்டுகளைக் களிமண் மூசைக்குள் போட்டு முழுவதும் உருக்கினார். உருகிய நிலையில் கார்பன் எங்கும் சமமாகப் பரவியது. இதுவே மூசை எஃகு. முதலில் ஷெஃபீல்டுக் கத்திக்காரர்கள் இது வேலை செய்ய முடியாத அளவுக்குக் கடினமாக இருக்கிறது என்று ஒதுக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிச் சிறந்த கத்திகளைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் உள்ளூர்க்காரர்களும் அதற்கு மாறினார்கள் என்று அத்தொழிலின் வரலாறு கூறுகிறது.

மூசையில் எஃகு உருக்கும் கலை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தது. ஐரோப்பியர்கள் அதை 'வூட்ஸ்' என்று அழைத்தார்கள். 'உருக்கு' என்பதன் திரிபே இச்சொல் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட வூட்ஸ் மாதிரிகளை ஜார்ஜ் பியர்சன் ஆராய்ந்து, 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படைத்தார். அந்த எஃகை அடித்துப் பார்க்க ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரரிடம் கொடுத்தார்கள். அவர் அதிலிருந்து செய்து பார்த்தது ஒரு பேனாக்கத்தி! பின்னாளில் இதே ஸ்டோடார்ட், மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820இலும் 1822இலும் கட்டுரைகள் வெளியிட்டார். மின்காந்தப் பாடத்தில் நீங்கள் படிக்கும் அதே ஃபாரடேதான்.

சிவப்பு, வைக்கோல் மஞ்சள், நீலம்

மடக்குக் கத்தியில் முக்கியமான எஃகுப் பாகங்கள் இரண்டு. ஒன்று, வெட்டும் அலகு. மற்றொன்று, கைப்பிடியின் முதுகில் நீளமாக ஓடும் ஸ்பிரிங் தகடு. இரண்டும் கார்பன் எஃகுதான். ஆனால், அவை செய்ய வேண்டிய வேலைகள் எதிரெதிரானவை.

அலகின் முனை மழுங்காமல் இருக்க வேண்டும். அதற்குக் கடினத்தன்மை தேவை. ஸ்பிரிங் ஒவ்வொரு முறையும் வளைந்து பழைய நிலைக்கே திரும்ப வேண்டும். அதற்கு முறியாத தன்மை தேவை. எஃகில் ஒன்று கூடினால் பெரும்பாலும் மற்றொன்று குறையும். கண்ணாடி மிகக் கடினம், ஆனால் கீழே விழுந்தால் நொறுங்கும். செம்புக் கம்பி நொறுங்காது, ஆனால் வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவே தேவையான இடத்தைப் பிடிப்பதுதான் கொல்லரின் திறமை.

முதல் படி, எஃகைச் சிவக்கக் காய்ச்சுவது. ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸில் இரும்பு தன் காந்தக் கவர்ச்சியை இழக்கிறது. அதை ஒட்டிய வெப்பத்தில் இரும்பு அணுக்களின் அடுக்கும் மாறுகிறது. புதிய அடுக்கில் கார்பன் அணுக்கள் நுழைய இடம் கிடைக்கிறது. இந்த நிலையில் எஃகைச் சட்டென நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால், இரும்பு அணுக்கள் பழைய அடுக்குக்குத் திரும்ப முயலும். கார்பன் அணுக்களுக்கோ வெளியேற நேரம் இருக்காது, உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அணு அடுக்கு இறுகித் திரிந்துபோகும். இந்த அமைப்புக்கு 'மார்ட்டென்சைட்' என்று பெயர். நம் கொல்லர்கள் இந்த வேலையைத் 'தோய்ச்சல்' கொடுப்பது என்பார்கள்.

தோய்த்த எஃகு மிகக் கடினமானது. ஆனால் கண்ணாடிபோல் உடையக்கூடியது. எனவே இரண்டாம் படி, மறுபடியும் இலேசாகச் சூடேற்றிப் பதப்படுத்துவது. இப்போது சிக்கிய கார்பனில் ஒரு பகுதி வெளியேறுகிறது, இறுக்கம் தளர்கிறது. எவ்வளவு சூடு கொடுப்பது? வெப்பமானி இல்லாத காலத்தில் நிறமே வழிகாட்டி. தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகைச் சூடேற்றினால் அதன் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் வளரும். சோப்புக் குமிழியில் வண்ணங்கள் தெரிவதுபோல, படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒளி அலைகள் குறுக்கிட்டு நிறம் காட்டும்.

ஏறக்குறைய 220 முதல் 230 டிகிரியில் வெளிர் வைக்கோல் மஞ்சள். 255 டிகிரியில் பழுப்பு. 275 டிகிரியில் ஊதா. 300 டிகிரியில் நீலம்.

பேனாக்கத்தியின் அலகை வைக்கோல் நிறத்தில் நிறுத்துவார்கள்; கடினம் நிலைக்கும். ஸ்பிரிங்கை நீல நிறம் வரை கொண்டுபோவார்கள்; கடினம் கொஞ்சம் குறைந்து மீள்தன்மை கூடும். ஒரே எஃகு, ஒரே நெருப்பு. 70 டிகிரி வேறுபாட்டில் இரண்டு வேறு குணங்கள்! வேட்டைக்கத்திக்குக் கணக்கு இன்னும் சற்று மாறும். எலும்பில் பட்டாலும் முறியக்கூடாது என்பதால் அதன் முதுகைத் தடிமனாக விடுவார்கள். சுவீடனின் மோரா நகரில், கடின எஃகை நடுவில் வைத்து இரு பக்கமும் மென்மையான இரும்பை ஒட்டிக் கத்தி செய்யும் மரபும் உண்டு. கடினமும் உறுதியும் ஒரே அலகில் கிடைக்க அது மற்றொரு வழி.

ஆய்வுக்கூடத்தில் செய்து பாருங்கள்

இச்சோதனையை ஆசிரியர் முன்னிலையில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து மட்டுமே செய்ய வேண்டும். ஒரே அளவுள்ள மூன்று தடித்த தையல் ஊசிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியை எப்போதும் இடுக்கியால் பிடியுங்கள்.

முதல் ஊசியைப் புன்சன் சுடரில் சிவக்கக் காய்ச்சி, சுடரிலிருந்து மிக மெதுவாக வெளியே எடுத்து ஆறவிடுங்கள். இரண்டாவதைச் சிவக்கக் காய்ச்சி உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். மூன்றாவதையும் அப்படியே நீரில் போட்டு எடுத்து, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, சுடருக்கு மேலே உயரத்தில் பிடித்து நீல நிறம் வரும்வரை இலேசாகச் சூடாக்குங்கள்.

மூன்றும் ஆறிய பிறகு குறடால் பிடித்து வளைத்துப் பாருங்கள். முதல் ஊசி வளைந்து அப்படியே நிற்கும். இரண்டாவது பட்டென்று ஒடியும். மூன்றாவது கொஞ்சம் வளைந்து, விட்டதும் நிமிரும். பேனாக்கத்தியின் முழுக் கதையும் இந்த மூன்று ஊசிகளில் அடங்கிவிடும்.

திறக்கும்போது கேட்கும் 'டக்'

பழைய கத்தியை விரும்புகிறவர்கள் அதை வாங்கும் முன் மெதுவாகத் திறந்து மூடிப் பார்ப்பார்கள், காதால் கேட்பார்கள். நல்ல கத்தி திறக்கும்போது சீராக எதிர்த்து, கடைசியில் 'டக்' என்று அமரும். அதில் பூட்டு எதுவும் கிடையாது.

இது எப்படி வேலை செய்கிறது? அலகின் அடிப்பாகம் ஓர் ஆணியைச் சுற்றிச் சுழல்கிறது. அந்த அடிப்பாகம் முழு வட்டமாக இருக்காது; தட்டையான முகங்கள் இருக்கும். ஸ்பிரிங் தகடு அதன்மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். தட்டை முகம் ஸ்பிரிங்கின் கீழ் அமர்ந்திருக்கும்போது கத்தி அசையாது. நாம் அலகைச் சுழற்றும்போது அடிப்பாகத்தின் மூலை ஸ்பிரிங்கை மேலே தூக்கும். நம் கைவிசை மீள்தன்மை ஆற்றலாகச் சேமிக்கப்படும். மூலை தாண்டியதும் அந்த ஆற்றல் சட்டென வெளிப்பட்டு அலகை இழுத்து நிறுத்தும். அந்த ஒலிதான் 'டக்'. ஸ்பிரிங் மீள் எல்லையைத் தாண்டி வளையாமல் இருக்கும்வரை இது ஆயிரமாயிரம் முறை நடக்கும். ஹூக் விதி ஒரு சட்டைப்பைக்குள் நூறு ஆண்டு உழைத்திருக்கிறது என்றே சொல்லலாம்.

இந்தப் பொருத்தத்தை அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் கையால் வரவழைத்தார்கள். கத்தி மூடியிருக்கும்போதும், திறந்திருக்கும்போதும் ஸ்பிரிங் கைப்பிடியின் முதுகோடு மேடு பள்ளம் இல்லாமல் ஒன்றியிருக்க வேண்டும். ஷெஃபீல்டின் புகழ்பெற்ற மடக்குக் கத்திக் கலைஞர் ஸ்டேன் ஷா, 14 வயதில் இத்தொழிலுக்கு வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் இதையே செய்தவர். 2021இல் தமது 94ஆவது வயதில் காலமானார்.

இந்த அழகுக்குப் பின்னால் துயரமும் உண்டு. ஷெஃபீல்டில் அலகுகளைச் சாணை பிடித்த தொழிலாளர்கள் மணற்கல் தூசியைச் சுவாசித்தார்கள். சிலிக்கா தூசி நுரையீரலை அரித்ததால் பலர் இளம் வயதிலேயே இறந்தார்கள். அந்தக் கத்திகளின் உண்மையான விலையில் இதுவும் சேரும்.

கருமை வேறு, துரு வேறு

பழைய கத்தி ஏன் கறுத்திருக்கிறது? பலர் அதைத் துரு என்று நினைத்துப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள். இங்கே வேதியியலைக் கவனியுங்கள்.

நமக்குத் தெரிந்த செந்துரு, நீர் கலந்த ஃபெரிக் ஆக்சைடு. அது பொருக்குப் பொருக்காக உரியும். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடியில் உள்ள இரும்பையும் தொடர்ந்து அரிக்கும். கருமை அப்படியல்ல. பழம், வெங்காயம், எலுமிச்சை ஆகியவற்றை நறுக்கும்போது அவற்றின் அமிலமும் பிற சேர்மங்களும் இரும்போடு வினைபுரிந்து சாம்பல், நீலம், கறுப்பு எனப் பல நிறங்களில் மெல்லிய படலத்தை உண்டாக்கும். இப்படலம் எஃகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். செந்துரு பரவுவதை ஓரளவு தாமதப்படுத்தும். முழுப் பாதுகாப்பு தராது; எண்ணெயும் உலர்ந்த இடமும் தேவைதான். ஆனாலும், தேய்த்து நீக்கினால் இழப்பு நமக்கே.

வீட்டில் எளிதாகச் செய்து பார்க்கலாம். துத்தநாகப் பூச்சு இல்லாத ஓர் இரும்பு ஆணியை உப்புத்தாளால் தேய்த்து, சர்க்கரையும் பாலும் சேர்க்காத கெட்டித் தேநீரில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு ஓரிரவு ஊறவையுங்கள். தேநீரில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து கருநிறம் தருவதைக் காண்பீர்கள். பழைய காலத்து எழுது மையும் இதே வினையில்தான் உருவானது. சோதனை முடிந்ததும் தேநீரைக் கொட்டிவிடுங்கள், குடிக்க வேண்டாம்.

துருப்பிடிக்காத எஃகு வந்த பிறகு

1913இல் அதே ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற ஆய்வாளர், துப்பாக்கிக் குழல்கள் தேய்வதைத் தடுக்க எஃகுக் கலவைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகு எளிதில் அரிக்கப்படாததைக் கண்டார். குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலத்தை உண்டாக்குகிறது. கீறல் விழுந்தாலும் அது தானே மறுபடி வளரும். கத்திக்கு இது ஏற்றது என்று பிரியர்லி சொன்னபோது, கத்திக்காரர்கள் முதலில் நம்பவில்லை. இந்த எஃகைத் தோய்ப்பதற்குப் பழைய எஃகைவிட அதிக வெப்பம் தேவை. வழக்கமான சூட்டில் வேலை செய்தவர்களுக்கு வெட்டாத கத்திகளே கிடைத்தன.

தொழில்நுட்பம் கைவந்த பிறகு நிலைமை மாறியது. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் தொடங்கிய கத்தி நிறுவனம் 1909இல் அவருடைய தாயார் விக்டோரியாவின் பெயரை ஏற்றது. துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனோக்ஸ்' என்ற சொல்லையும் 1921இல் சேர்த்துக்கொண்டது. இன்று எல்லாரும் அறிந்த 'விக்டோரினாக்ஸ்' பிறந்தது அப்படித்தான்.

அப்படியிருந்தும் பழைய கார்பன் எஃகை விரும்புகிறவர்கள் சொல்லும் முதல் காரணம், அதை எளிதில் தீட்டலாம் என்பது. இதற்கும் அறிவியல் உண்டு. அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுப்பது. 2 சென்டிமீட்டர் நீள முனை ஒரு பொருளின்மீது 10 நியூட்டன் விசையோடு படுகிறது என்று கொள்வோம். மழுங்கிய முனையின் அகலம் 50 மைக்ரோமீட்டர் என்றால் அழுத்தம் 1 கோடி பாஸ்கல். தீட்டி 1 மைக்ரோமீட்டர் ஆக்கினால் அதே கைவிசையில் 50 கோடி பாஸ்கல்!

அந்த மெல்லிய முனையை உருவாக்கச் சாணைக்கல் எஃகைத் தேய்க்க வேண்டும். பழைய எஃகில் இருப்பது இரும்புக் கார்பைடு. அதன் துகள்கள் மிக நுண்ணியவை. சாதாரணக் கல்லும் அதைத் தேய்த்துவிடும். கார்பனும் குரோமியமும் மிகுந்த எஃகில் உருவாகும் குரோமியம் கார்பைடு, மணலில் உள்ள குவார்ட்ஸைவிடக் கடினமானது. அதனால் அத்தகைய முனை நீண்ட நாள் உழைக்கும். ஆனால் மழுங்கிவிட்டால் வீட்டுக் கல்லுக்கு எளிதில் மசியாது. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

பழையதெல்லாம் தங்கமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. 'அந்தக் காலத்துப் பொருள் எல்லாம் தரமானது' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஷெஃபீல்டில் மலிவான, மட்டமான கத்திகளும் ஏராளமாகச் செய்யப்பட்டன. அவை ஒடிந்து, துருவேறி, குப்பைக்குப் போய்விட்டன. இன்று நம் கையில் இருப்பவை தப்பிப் பிழைத்தவை. தப்பியவற்றை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் எடைபோடுவது அறிவியலில் ஒரு பிழை. தரவுகளைப் படிக்கும்போது 'காணாமல் போனவை எவை?' என்று கேட்கப் பழகுங்கள்.

எனவே பழைய கத்தி புதியதைவிடச் சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பழைய கத்தி தன் உரிமையாளரின் கவனத்துக்குப் பதில் சொல்கிறது என்று சொல்லலாம். துடைத்தால் பிழைக்கும், மறந்தால் துருப்பிடிக்கும், தீட்டினால் கூர்மையாகும். எத்தனை முறை தீட்டினார்கள் என்பதை அலகின் தேய்ந்த அகலம் காட்டும். எதை நறுக்கினார்கள் என்பதன் தடயம் அதன் கருமையில் இருக்கும். அந்த ஈர்ப்பு குறையாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால்

தாத்தாவின் பெட்டியில் ஒரு மடக்குக் கத்தியோ, கொல்லைப்புறத்தில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த ஒரு பாராங்கோ இருக்கலாம். அறிவியல் இரண்டுக்கும் ஒன்றுதான். பெரியவர்களிடம் இந்த மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்.

முதலாவது, மின்சாணையில் உலர்ந்த நிலையில் பிடிக்க வேண்டாம். முனை மிக மெல்லியது. வெப்பத்தைத் தாங்க அங்கே போதிய உலோகம் இல்லை. சில விநாடிகளில் அது 300 டிகிரியைத் தொட்டு நீலமாகிவிடும். அலகுக்குக் கொடுத்த வைக்கோல் பதம் போய், அந்த இடம் ஸ்பிரிங்கின் பதத்துக்கு இறங்கிவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர்மை நிற்காது. ஈரமான தீட்டுக்கல்லில் கையால் தீட்டுவதே நல்லது.

இரண்டாவது, கருமையை விட்டுவிட்டுச் செந்துருவை மட்டும் எண்ணெய் தொட்ட மெல்லிய எஃகு நாரால் நீக்குங்கள். ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் துருவுக்கு ஆண்டு முழுவதும் வேலைதான். துடைத்து, தையல் எந்திர எண்ணெய் ஒரு துளி தடவி வையுங்கள். உணவு நறுக்கும் கத்தி என்றால் சமையல் எண்ணெய் தடவி, பயன்படுத்தும் முன் கழுவிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தோலுறைக்குள் வைத்து மூடிவிடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். உலர்ந்த துணியில் சுற்றி வைக்கலாம்.

கடைசியாக ஒன்று. தீட்டும் வேலை பெரியவர்களுடையது. கத்தியைப் பள்ளிக்கோ பொது இடத்துக்கோ எடுத்துச் செல்லாதீர்கள். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது இங்கே சட்டப்படி குற்றம். அது வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்த முறை யாராவது அதைக் குப்பையில் போடவோ சாணைக்கடைக்குக் கொண்டுபோகவோ எடுத்தால், முதலில் ஒருமுறை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். 'டக்' என்று கேட்டால், நீலப் பதம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.